ஆற்றோரப் பாழ், தாள் ஏழு

எங்கள் அருங்காட்சியகத்தில் டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, வரலாற்றில் டாக்டர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி ஒருவர் வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்டு அவர் அறைக்குப் போய், முக்கால் மணி நேரம் சுட்ட செங்கல்லின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வலியோடே திரும்பி வந்தார். எனக்கு இந்த டாக்டரைக் கண்டால் ஆகாது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இருபது வருடமாக ஒரே மாடியில் வேலை செய்கிறோம். லிஃப்டில் அவர் இருந்தால் நான் படியேறுவேன், நான் இருந்தால் அவர் படியேறுவார். இரண்டு பேருக்கும் மூட்டுவலி.

நான் காகிதம் சீர்செய்கிறவன். கிழிந்ததை ஒட்டுவேன், பூச்சி அரித்த ஓட்டையை நிரப்புவேன், அழுக்கை எடுப்பேன். சட்டைப் பையில் எப்போதும் அழிரப்பர் இருப்பதால் ‘ரப்பர்’ என்று எனக்கு ஒரு பட்டப்பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். டாக்டர் மட்டும் மூஞ்சிக்கு நேரே சொல்வார்.

நான் செய்த வேலைகளில் எனக்கே பெருமையானது ஏழாம் தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் படகில் ஆற்றோடு போன ஒரு நில அளவையாளர், கண்ணில் பட்ட பாழடைந்த கட்டடங்களையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு தாள். ஏழாவது எங்கள் ஊர் ஆற்றங்கரை. இடப்பக்கம் தலை உடைந்த ஒரு கோபுரம், அதை ஒட்டி வரிசையாக ஐந்து வளைவுகள், ஐந்தாவது பாதி சரிந்து கிடக்கிறது. சுவரைப் பிளந்து இறங்கும் வேர்கள். முன்னால் ஆறு, அதில் ஆளில்லாத ஒரு படகு. மேலே பாதித் தாளுக்கு வெறும் வானம். பென்சிலும் பழுப்பு மையும்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அது என் மேசைக்கு வந்தபோது துடைப்பம் படாத தரைபோல இருந்தது. நான் பதினேழு நாள் உட்கார்ந்து அந்த வானத்தை வெளியே கொண்டுவந்தேன். அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டில் இன்றைக்கும் அந்தப் படம்தான் இருக்கிறது. சும்மா கிடைத்ததில்லை அந்த வானம்.

அந்தப் படத்தை வைத்துத்தான் ஆற்றங்கரைத் தெருவைக் காலி செய்யப் பார்த்தார்கள். பழைய சுவரில் முதுகைச் சாய்த்தபடி நாற்பத்தொரு வீடுகள். அவற்றை இடித்துவிட்டு, பாழைச் சுற்றி வேலி போட்டு, புல் வளர்த்து, உட்கார நாலு பெஞ்சு போடுவது அருங்காட்சியகத்தின் திட்டம். சட்டம் எளிது. ஒரு பாழைப் பற்றிய முதல் ஆவணம் எதுவோ, அந்தக் காலத்தில் அங்கே ஆட்கள் குடியிருந்தால் அவர்கள் வழிவந்தவர்களை அசைக்க முடியாது. அதற்குப் பிறகு குடிவந்தவர்கள் என்றால் ஆக்கிரமிப்பு. முதல் ஆவணம் ஏழாம் தாள். அதில் ஒரு மனிதத் தலை கிடையாது.

அந்த நாற்பத்தொரு வீட்டில் ஒன்று என் தங்கையுடையது. நான் பிறந்த வீடும் அதுதான். என் பங்கை எப்போதோ அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்கு அங்கே ஒரு செங்கல் கூடச் சொந்தமில்லை. தங்கைக்கும் எனக்கும் பேச்சு இல்லை. பதினோரு வருடம். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஈரமும் புகையும் வேண்டாம் என்று என் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா ‘ஆத்தோரம் கொண்டுபோய் விடுடா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. ஐந்தாவது மாடியில், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தார். ‘எங்கம்மாவக் கூண்டுல வச்சுக் கொன்னவன்’ என்று தங்கை தெரு முழுக்கச் சொன்னாள். நானும் பதிலுக்குச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். அதோடு சரி.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் தங்கையின் வீட்டுக்காரர் என் வேலையறைக்கு வந்தார். சாதுவான மனிதர். படகுகளுக்குத் தார் பூசுகிறவர். கதவுக்கு வெளியே நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மச்சான், அந்தப் படத்துல ஒரு மூலையிலயாச்சும் ஆளு கீளு இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லக் கூடாதா?”

“அவ அனுப்பினாளா?”

“ஐயோ, அவளுக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் போட்டுருவா.”

“அப்ப கெளம்புங்க மாப்பிள்ளை. படத்துல இல்லாத ஆள நான் எங்கேர்ந்து கொண்டாறது? வரைஞ்சா விட முடியும்?”

“கோவப்படாதீங்க…”

“வேலை செய்யற எடத்துக்கு வந்து ஏன் உயிர வாங்குறீங்க? கெளம்புங்கன்னா கெளம்புங்க!”

மாடி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். காவலாளி ஓடிவந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். எனக்கு வெட்கமாகவெல்லாம் இல்லை. எரிச்சலாக இருந்தது. படம் சுத்தமாக இருக்கிறது, அதில் ஆள் இல்லை, இதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

விசாரணை, அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக் கூட்ட அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு பக்கம் தெருக்காரர்கள், முன்வரிசையில் என் தங்கை. தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இன்னொரு பக்கம் டாக்டரும் அலுவலகத்து ஆட்களும். அந்தப் பக்கத்துச் சாட்சியாகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். படத்தில் எதுவும் கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போகவேண்டியது.

டாக்டர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரையில் படங்களைப் போட்டார். மனிதர் எப்படியோ, பேச்சில் கெட்டிக்காரர்.

“மேடம், இந்த ஓவியருக்கு ஆளை வரையத் தெரியாது. பன்னெண்டு தாள்லயும் மனுஷ உருவமே கிடையாது. ஆனா ஆள் இருக்குற எடத்தை அவர் காட்டாம விட்டதில்லை. இங்க பாருங்க, மூணாம் தாள், மண்டபத்துக்குப் பின்னால அடுப்புப் புகை. அஞ்சாம் தாள், புகை. ஒன்பதுல நாலு எடத்துல புகை. விரலால தேச்சே வரைஞ்சிருக்கார், பாருங்க. மையில்லை, பென்சில் இல்லை, விளக்குக் கரியை விரல் நுனியில தொட்டுத் தேச்சது. இப்ப ஏழாம் தாள்.”

எங்கள் ஆறு திரையில் வந்தது. வானம் பளிச்சென்று இருந்தது.

“ஒரு இழை புகை உண்டா? இல்லை. புகை இல்லைன்னா அடுப்பு இல்லை. அடுப்பு இல்லைன்னா ஆள் இல்லை. தெரு பின்னால வந்தது. அவ்வளவுதான் மேடம்.”

தெருக்காரர்கள் சலசலத்தார்கள். டாக்டர் மறுபடியும் ஒன்பதாம் தாளைப் போட்டார். கீழே ஒடுங்கி மேலே விரிந்து, விரல் அகலத்தில், பழுப்பாக ஒரு தேய்ப்பு. அதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் தாளில் அல்ல.

மற்ற பதினோரு தாள்களும் ஏழாம் தாளுக்கு ஆறு வருடம் கழித்து வேறொருவர் சேகரிப்பிலிருந்து வந்தவை. அவை வந்த அன்றைக்கு நானும் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒன்றோடொன்றை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் வானத்தில் எனக்கு அவ்வளவு கர்வம்.

“சொல்லுங்க,” என்றார் அதிகாரி என்னைப் பார்த்து. “சுத்தம் செய்யும்போது படத்துல எதுவும் போகலையே?”

டாக்டர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

“பதிவேட்டைப் பாத்துச் சொல்றேன் மேடம்,” என்றேன். “சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சதும்.”

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. தாளைத் தொடுவதற்கு முன்னால் அதன்மேல் என்னென்ன இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அந்த வருடம் புகைப்படக் கருவி பழுதாகிக் கிடந்ததால், பதிவேட்டில் கையாலேயே ஒரு சின்னப் படம் போட்டு, கறைகளின் இடத்தைக் குறித்து வைத்திருந்தேன். மாடிக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து, இளமையில், அழகாக இருந்தது.

‘இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் வளைவுகளுக்கு மேல் பழுப்புக் கறை. மூன்று. கீழே ஒடுங்கி மேலே விரிந்தவை. ஓரம் இல்லை. ரப்பர் தூளால் முழுதும் நீக்கப்பட்டது.’

தண்ணீர்க் கறைக்கு ஓரம் இருக்கும். எண்ணெய்க் கறை வட்டமாகப் பரவும். கைபட்ட அழுக்கு தாளின் விளிம்பில் இருக்கும், வானத்தின் நடுவில் இருக்காது. மூன்று வளைவுக்கு மேலே, மூன்றும் மேல்நோக்கி விரிகிற கறை எந்த ஊரில் உண்டு? அந்தத் தெருவில் பிறந்து, அந்த அடுப்புப் புகையில் கண் எரிந்து வளர்ந்தவன் நான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் புகையைப் பிடிக்காது. சட்டையில் அந்த வாடையோடு பள்ளிக்கூடம் போனது பிடிக்காது. கண்ணில் பட்டதும் அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். நாற்பத்தொரு குடும்பத்தின் அடுப்பை அழிரப்பர் தூளால் பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியாது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பதிவேட்டைப் படித்தார். படிக்கப் படிக்க முகம் இறுகியது.

“கறைன்னுதானே எழுதியிருக்கு, ரப்பர்?”

“புகை. நான் கறைன்னு எழுதிட்டேன்.”

“நீ என்ன எழுதினியோ அதுதான் ஆவணம். இப்ப உனக்கு என்ன தோணுதுங்கறது ஆவணம் இல்லை.” குரலைத் தாழ்த்தினார். “யோசி. எட்டு மாசத்துல ஓய்வு. நூத்தி எழுபது வருஷத்துப் படத்த நாந்தான் அழிச்சேன்னு நீயே போய்ச் சொல்லப் போறியா? உன் கை பட்ட ஒவ்வொரு தாளையும் எடுத்து நோண்டுவாங்க. நானே நோண்டுவேன்.”

“நோண்டுங்க.”

“அந்தத் தெருவுல உன்னை மதிக்கிற ஒரு ஆள் உண்டா? யாருக்காக இது?”

அவர்மேல் இருந்த கோபம் ஒரு பங்கு என்றால் என்மேல் இருந்த கோபம் பத்துப் பங்கு. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

அறையில் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். படத்தில் புகை இருந்தது, மூன்று இடத்தில், அழுக்கு என்று நினைத்து அழித்தது நான். பதிவேட்டை அதிகாரியின் மேசையில் வைத்தேன். ஏழாம் தாளைக் கொண்டுவரச் செய்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். நான் தேய்த்த மூன்று இடத்திலும் காகிதத்தின் நார் லேசாக எழும்பி நின்றது. பதிவேட்டில் இருந்த சின்னப் படமும் அந்த மூன்று இடமும் பொருந்தின. அதிகாரி வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

டாக்டர் எழுந்தார்.

“மேடம், இங்க ஏதோ அழிச்சிருக்காங்கன்னு தெரியுது. அது புகைன்னு சொல்றது யாரு? இவர் ஒருத்தர்தான். இவர் யாருன்னு உங்களுக்குச் சொல்லலை. அந்தத் தெருவுல பொறந்தவர். முன்வரிசையில உக்காந்திருக்காங்களே அந்த அம்மா, இவரோட கூடப்பொறந்த தங்கச்சி. போன வாரம் அவங்க வீட்டுக்காரர் இவர் ரூமுக்கே வந்துட்டுப் போயிருக்கார். வருகைப் பதிவுல கையெழுத்து இருக்கு.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “உண்மையா?” என்று என்னைக் கேட்டார்.

“உண்மைதான் மேடம்.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா?”

சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருடத்தில் அவளைத் தங்கை என்று நினைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அழித்ததும் நான், மீட்க வந்து கெடுத்ததும் நான்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தங்கை எழுந்து நின்றாள்.

“நான் பேசலாமா அம்மா?”

“பேசுங்க.”

“இவர் எனக்கு அண்ணன்தான். எங்கம்மா எங்க வீட்டுல சாகணும்னு கெஞ்சினாங்க. இவர் விடல. கடைசி ஆறு மாசம் என்னைப் பாக்கவும் விடல, நான் போனா அம்மா அழறாங்கன்னு கதவச் சாத்தினார். செத்தப்புறம் ஆள் விட்டுச் சொன்னார். அன்னைக்கு இவர் மூஞ்சியில துப்பிட்டு வந்தேன். எங்க தெருவுல யாரை வேணா கேளுங்க. என் வீட்டுக்காரர் போன வாரம் எனக்குத் தெரியாம போயிருக்கார். கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பியிருக்கார் இவர். உங்க காவல்காரரே சாட்சி.” மூச்சு வாங்கினாள். என்னைப் பார்க்காமலே என் பக்கமாகக் கையை நீட்டினாள். “இவருக்கு எங்களப் பிடிக்காது. எங்க தெருவையும் பிடிக்காது. எனக்காக இந்த ஆள் ஒரு பொய் சொல்வார்னா, அதை அன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம். ‘நாளைக்குக் கூட்டிட்டுப் போறேம்மா’ன்னு ஒரு வார்த்தை. அதக் கூடச் சொல்லத் தெரியாத மனுஷன் இவர்.”

அவள் நடிக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் பதினோரு வருடமாக உள்ளே ஊறிக் கிடந்தது. நான் நாலு பேருக்கு முன்னால் உரித்துப் போட்டதுபோல நின்றேன். அம்மாவிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்பது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. அதிகாரி காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் நான் கத்தியதை ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொல்லிக் காட்டினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பை வாசித்தார்கள். பதிவேட்டுக் குறிப்பு வழக்குக்கு இருபத்திரண்டு வருடம் முந்தியது, அதை விளக்கிய சாட்சி தனக்கே கேடு வரும்படி, பகை உள்ள தரப்புக்குச் சாதகமாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே நம்பத்தக்கது. தெருவை அசைக்கக் கூடாது. எனக்கு இதற்குள் ஒரு குறிப்பாணை வந்திருந்தது, பணியில் கவனக்குறைவு என்று. என் மேசையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நுழைவுச்சீட்டிலிருந்தும் படத்தை எடுத்துவிடப் போவதாகப் பேச்சு.

தீர்ப்பு முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு நான் பக்கவாட்டுப் படிக்கட்டில் இறங்கினேன். அவள் அங்கே தனியாக, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். செருப்பு வார் சரியாகத்தான் இருந்தது. நான் இரண்டு படி மேலேயே நின்றேன்.

“உங்க ஆபீஸ்காரங்க மேல்முறையீடு போடறாங்களாம்,” என்றாள் தரையைப் பார்த்து. “இன்னைக்கு மத்தியானமே.”

“தெரியும்.”

“எங்க வக்கீல் சொல்றார், உன் சாட்சி நிக்கறதே நமக்குள்ள ஆகாதுங்கறதாலதானாம். நீ என் வீட்டுப்பக்கம் தலை காட்டினா போச்சு. ஒரு டீ குடிச்சாக் கூட அந்த டாக்டர் போட்டோ புடிச்சுக் கொடுத்துருவான்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“எட்டு வருஷம் ஆகலாம்ங்கறார். பத்து கூட ஆகலாமாம்.”

எனக்கு ஐம்பத்தொன்பது நடக்கிறது. அவளுக்கு ஐம்பத்துநாலு. இருவரும் மனதுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“அம்மா விஷயத்துல…” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் இப்ப பேசாத. பேசினா நான் அழுதுருவேன், யாராச்சும் பாப்பாங்க.” முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அதுக்குள்ள செத்துகித்துத் தொலைச்சிடாத. கேட்டுச்சா?”

மேலே கதவு திறந்தது. டாக்டரும் அலுவலகத்து வக்கீலும் பேசிக்கொண்டே இறங்கி வந்தார்கள். தங்கையின் முகம் சட்டென்று மாறியது.

“வழிய விட்டு நில்லுய்யா!” என்று கத்தினாள். “அம்மாவக் கொன்னது பத்தாதா, இங்கயும் வந்து குறுக்க நிக்கணுமா?”

டாக்டர் அப்படியே நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன் மூஞ்சியில முழிச்சதுக்குத்தான் இன்னைக்கு எனக்கு இந்தக் கதி! போடி அந்தப் பக்கம்!” என்று நானும் பதிலுக்குக் கத்தினேன்.

அவள் வேகமாக இறங்கித் தெருவில் கலந்துவிட்டாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் இருவரும் என்னைத் தாண்டிப் போகும்வரை கோபமாக முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். கத்துவது கஷ்டமாக இல்லை, பழகிய வேலைதான். குரல் உடையாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் உயிர் போனது.